ஆலமர நிழலில் ஓர் அட்மிஷன்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது என்று தொடங்கி, கடைசி வரை அதை அந்தக் காட்டிலேயே வைத்திருந்தால் கதை சொல்பவனுக்கு வேலை சுலபம். ஆனால் இந்தக் கீரி அரசு உத்தியோகத்தில் இருந்தது. அதற்கு மாற்றல் வந்துவிட்டது.

கீரியின் பெயர் தணிகாசலம். பாம்புக் கட்டுப்பாட்டுத் துறையில் ஆய்வாளர். வேலங்காடு என்ற சின்ன முள்காட்டில், மனைவி செண்பகவல்லியோடும் மகள் நறுமுகையோடும் ஒரு வரப்பு வளையில் குடியிருந்தார். பெருங்காட்டுக்கு மாற்றல் என்று உத்தரவு வந்த அன்று காகிதத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் அதைப் படிக்கவில்லை.

"அங்க ஸ்கூல் எப்படி?" என்று கேட்டாள்.

"ஆர்டரே இப்பத்தான் வந்திருக்கு, செண்பகம்."

"ஆர்டர் உங்களுக்கு. ஸ்கூல் இவளுக்கு. முதல்ல அதைச் சொல்லுங்க."

நறுமுகை அப்போது வாசலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். தோண்டுவதும் கேள்வி கேட்பதும்தான் அவளுக்குப் பொழுதுபோக்கு. "மண்ணுக்கு அடியில மண்ணு இருக்கு. அதுக்கு அடியிலயும் மண்ணு. அப்ப கடைசி மண்ணு எது மேல உக்காந்திருக்கு?" என்று கேட்டாள். தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. நல்ல பள்ளியில் சேர்த்தால் இந்தக் கேள்விகளை அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பெருங்காட்டுக்கு வந்து, துறையின் விருந்தினர் விடுதியாக இருந்த ஒரு பட்டுப்போன மரப்பொந்தில் தங்கிக்கொண்டு, கணவனும் மனைவியும் விசாரிக்கத் தொடங்கினார்கள். எந்த ஏரியா நல்லது, எந்தப் பள்ளி நல்லது என்று எதிரே வந்தவர்களையெல்லாம் கேட்டார்கள்.

ஆற்றோரத்தில் ஒரு மான் அம்மாள் புல் மேய்ந்துகொண்டிருந்தாள். "எங்க பக்கத்து ஸ்கூலும் நல்ல ஸ்கூல்தாங்க. புலிப் பிள்ளைங்களும் அங்கதான் படிக்குது. வித்தியாசம் இல்லாம எல்லாரோடயும் ஒட்டிப் பழகுதுங்க. போன வருஷத்துக்கு இந்த வருஷம் வகுப்புல கூட்டமும் நல்லாக் குறைஞ்சிருக்கு" என்றாள்.

செண்பகவல்லி கணவனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே நடந்தாள்.

அதன்பின் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஆலமரத்துப் பள்ளி. "அரசாங்கப் பள்ளிதான். ஆனா பார்த்தா அப்படித் தெரியாது" என்று ஒரு காட்டுப்பன்றி பெருமையாகச் சொன்னார். "அங்க படிச்ச பிள்ளைங்க ஒண்ணுகூட இந்தக் காட்டுல இல்ல. எல்லாம் வெளிக்காட்டுக்குப் போயிடுச்சுங்க" என்று ஒரு கரடி சொன்னார். ஒரு பள்ளியைப் பற்றி இதற்குமேல் என்ன நல்லது சொல்ல முடியும்.

ஒரே ஒரு விதி இருந்தது. ஆலமரத்தின் நிழலுக்குள் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அங்கே இடம்.

ஆகவே புரோக்கரைப் பிடித்தார்கள். புரோக்கர் ஓர் உடும்பு. பெயர் கருத்தப்பாண்டி. யாரையாவது பிடித்தால் வீடு அமையும்வரை விடமாட்டார் என்று பெயர் வாங்கியவர். கழுத்தில் செல்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்தபின் வந்து ஒரு வளையைக் காட்டினார். விசாலமான வளை. காற்று வந்தது. வாசல்வரைக்கும் ஆலமரத்தின் நிழல் நீண்டு வந்து படுத்திருந்தது.

"இந்த வாடகைக்கு நிழல்ல வீடு கிடைக்காது சார். உங்க முகராசி" என்றார் உடும்பு.

தணிகாசலம் தலையாட்டத் தொடங்கியிருந்தார். செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். ஆலமரம் வெகுதூரத்தில் ஒரு குடைபோலத் தெரிந்தது.

"மத்தியானம் இந்த நிழல் எங்க இருக்கும்?"

"நிழல்னா நிழல்தானே மேடம்."

"ஸ்கூல்ல எந்த நேரத்து நிழலைக் கணக்குல எடுத்துக்கறாங்க?"

உடும்பு நாக்கை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். "உச்சி வெயில் நிழலைத்தான்" என்றார் மெதுவாக.

"அப்ப உச்சி வெயில்ல வந்து வீடு காட்டுங்க."

மறுநாள் உச்சி வெயிலில் போனார்கள். அந்த நேரத்தில் ஆலமரத்தின் நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடந்தது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் காட்டின் பாதிக் குடும்பங்கள் இருந்தன. ஒரு வேருக்குள் மேல் போர்ஷனில் முயல்கள், கீழ் போர்ஷனில் முள்ளெலிகள். விழுதுகளில் குரங்குகள் தொட்டில் கட்டிக் குடியிருந்தன. தலைமுறை தலைமுறையாக அந்த மரத்தில் இருந்த அணில்களும் எறும்புகளும் பொந்துகளை நல்ல வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்கு வெளியே குட்டைக்கரையில் போய் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அங்கேயே ஏதோ ஒரு பள்ளியில் படித்தார்கள்.

"ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

உடும்பு தயங்கினார். "ஒரு இடம் இருக்கு. தனி வீடு. பின்போர்ஷன் காலியாத்தான் கிடக்கு. ஆனா ஓனர் ஒரு மாதிரி."

"எந்த மாதிரி?"

"நீளமா இருப்பாரு."

அது ஒரு புற்று. அதன் வாசலில் வயதான நல்ல பாம்பு ஒருவர் சுருண்டு படுத்திருந்தார். பெயர் நல்லபெருமாள். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகன் அமேசான் காட்டில் வேலை கிடைத்து அங்கேயே செட்டிலாகிவிட்டான். கீரிகளைப் பார்த்ததும் நல்லபெருமாள் படத்தைப் பாதி விரித்து, பிறகு மரியாதைக்காகச் சுருக்கிக்கொண்டார்.

தணிகாசலத்தின் ரோமம் முழுவதும் குத்திட்டு நின்றது. பரம்பரை வழக்கம். செண்பகவல்லி அவர் முதுகில் கைவைத்து அழுத்தித் தடவி, எல்லா ரோமத்தையும் படியவைத்தாள்.

"கீரியா?" என்றார் நல்லபெருமாள்.

"ஆமாங்க."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். நான் அந்த வித்தியாசமெல்லாம் பாக்கறவன் இல்ல. என்னோட நெருங்கின சிநேகிதர்களே நிறையப் பேர் வேற வேற ஆளுங்கதான்." கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்தார். "சைவம்தானே?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டால் சிரிப்போ அழுகையோ வந்துவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"சுத்த சைவம்" என்றாள் செண்பகவல்லி. "வெங்காயம் பூண்டுகூடச் சேக்கறதில்லைங்க."

"தம்பிக்கு எங்க வேலை?"

"தோட்டக்கலைத் துறை" என்றார் தணிகாசலம்.

இப்படியாக ஒரு கீரிக் குடும்பம் ஒரு பாம்பின் வீட்டில் குடிபுகுந்தது. நறுமுகைக்கு ஆலமரத்துப் பள்ளியில் இடம் கிடைத்தது. தலைமை ஆசிரியர் சிவஞானம் ஓர் ஆந்தை. விண்ணப்பத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்து, "புற்றா? நிழலுக்குள்ளதான் வருது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் செண்பகவல்லி மரத்தடியிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். சந்தோஷ அழுகை. அங்கே அப்படி நிறையத் தாய்மார்கள் உட்கார்ந்து அழுவது வழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் சைவ வாழ்க்கை தொடங்கியது. அத்திப்பழம், நாவல்பழம், மறுபடியும் அத்திப்பழம். தணிகாசலம் பகலில் கடமையைச் செய்யும் இடத்திலேயே வயிற்றையும் பார்த்துக்கொண்டார். வீட்டு வாசலில் மனைவி வாயை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாள். அவளுக்கும் மகளுக்கும் அந்த வழி இல்லை. நறுமுகையின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"எல்லாம் உன் படிப்புக்காகத்தான்டா" என்று சொல்லி அவளுக்கு இன்னொரு அத்திப்பழத்தைக் கொடுத்தாள் தாய்.

நறுமுகைக்கு அந்த வீட்டில் பிடித்த ஒரே விஷயம் வீட்டுக்காரர். பள்ளிவிட்டு வந்ததும் அவரிடம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"தாத்தா, உங்களுக்குக் காது எங்க இருக்கு?"

"வெளிய காது கிடையாதும்மா."

"அப்ப நான் பேசறது எப்படித் தெரியுது?"

"தரை வந்து சொல்லும்."

"தரைக்கு யார் சொல்லுவா?"

நல்லபெருமாள் யோசித்துப் பார்த்தார். தன் மகன்கூடத் தன்னிடம் இவ்வளவு பேசியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் நாளாக ஆக அவள் கேள்விகள் குறைந்தன. பிறகு பேச்சே குறைந்தது. ஒரு சாயங்காலம் அவள் வந்து, எதுவும் பேசாமல், அவர் வாலருகே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வாலைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"தாத்தா, உங்க வால் ரொம்ப நல்லா வாசனையா இருக்கு" என்றாள்.

நல்லபெருமாள் வாலை மெதுவாக உருவிக்கொண்டு எழுந்து, நேரே பின்போர்ஷனுக்கு வந்து நின்றார். தணிகாசலமும் செண்பகவல்லியும் வாசலுக்கு வந்தார்கள்.

"உங்க பொண்ணு என் வாலை மோந்து பாத்தா."

செண்பகவல்லிக்கு வீடு போய்விட்டது, நிழல் போய்விட்டது, பள்ளி போய்விட்டது என்று கண்முன் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. "குழந்தைங்க. தெரியாம செஞ்சுட்டா" என்றாள்.

"தெரியாமல்லாம் இல்லம்மா. பசி." நல்லபெருமாள் வாசலில் சுருண்டு உட்கார்ந்தார். "நீங்க என்ன சாப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? தம்பி தோட்டக்கலைன்னு சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு. தோட்டக்கலைக்காரங்க யாருக்கும் என்னைப் பாத்து மீசை துடிக்காது. தெரிஞ்சேதான் குடிவெச்சேன்."

"தெரிஞ்சா?" என்றார் தணிகாசலம்.

"பாம்புக் கட்டுப்பாட்டு அதிகாரி குடியிருக்கற புத்துல எவன் வந்து சோதனை போடுவான்? என் மாதிரித் தனியா இருக்கற வயசானவனுக்கு வேற என்ன பாதுகாப்பு இருக்கு?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். போன வாரம்தான் ஆலமரப் பகுதிப் புற்றுகளைச் சோதித்து அறிக்கை தரச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. 'மேற்படி பகுதியில் பாம்பு நடமாட்டம் ஏதும் இல்லை' என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வாக்கியத்தை எழுதும்போது நல்லபெருமாள் சன்னல் வழியாக, 'காபி சாப்பிடறீங்களா தம்பி' என்று கேட்டிருந்தார்.

"பிள்ளைக்கு வயிறாரப் போடுங்க" என்றார் நல்லபெருமாள். "எலி, ஓணான், எது வேணா போடுங்க. என் ஜாதி மட்டும் வேண்டாம். நான் சொல்ல வந்தது அது இல்ல. அவ பேச்சே நின்னுபோச்சு. பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தா உதட்டுல விரலை வெச்சுக்கிட்டே நிக்கறா. அது என்னன்னு பாருங்க."

மறுநாள் செண்பகவல்லி பள்ளிக்குப் போனாள். வேருக்குப் பின்னால் மறைந்து நின்று வகுப்பை எட்டிப் பார்த்தாள். அப்படி ஓர் அமைதியை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. பெருங்காட்டில் எல்லாரும் புகழ்ந்து சொன்ன ஒழுக்கம் அதுதான். பிள்ளைகள் எல்லாரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மேலே, கிளையில், தலைமை ஆசிரியர் சிவஞானம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூக்கத்தில் இறகை அசைத்தால் பிள்ளைகள் மூச்சையும் பிடித்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் ஒரு முயல் அம்மாள் மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து நின்றிருந்தாள். "தினமும் இப்படித்தானா?" என்று அவளிடம் கேட்டாள் செண்பகவல்லி.

"ஆமா. அவருக்குப் பகல்ல கண்ணு தெரியாதுல்ல. ஆளுக்கு ஒரு கஷ்டம்னு இருக்கும்."

"அப்ப பாடம்?"

"சாயங்காலம் டியூஷன் இருக்கே. அதுலயும் இவரேதான். அருமையா நடத்துவாரு. உங்க பொண்ணு இன்னும் சேரலையா?" முயல் அம்மாளின் குரலில் பரிதாபம் இருந்தது. "டியூஷன் இல்லாம இந்த ஸ்கூல்ல சேர்த்து என்ன பிரயோஜனம்?"

செண்பகவல்லி நறுமுகையைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க விழித்திருப்பவர் யாரும் இல்லை. எங்கே போவது என்று தெரியாமல் இருவரும் நடந்தார்கள். குட்டைக்கரைப் பக்கம் வந்தபோது சிரிப்புச் சத்தம் கேட்டது.

குட்டைக்கரைப் பள்ளிக்குக் கூரை கிடையாது. கரையில் அணில், எறும்பு, தவளைப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். நடுவில் ஓர் எருமை. அருக்காணி டீச்சர். அவர் மெதுவாகக் குட்டைக்குள் இறங்கி உட்கார்ந்தார். தண்ணீர் ஏறிக் கரையில் இருந்த எறும்புப் பிள்ளைகளின் காலை நனைத்தது. அவர்கள் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். டீச்சர் எழுந்தார். தண்ணீர் இறங்கியது.

"நான் தண்ணி கொண்டுவரல. மழையும் பெய்யல. பின்ன எப்படி ஏறிச்சு?" என்று கேட்டார் டீச்சர்.

ஓர் அணில் ஒன்று சொன்னது. ஒரு தவளை அதை மறுத்தது. டீச்சர் அசைபோட்டுக்கொண்டே எல்லாருடைய பதிலையும் கேட்டார். எதையும் தப்பு என்று சொல்லவில்லை. "அப்படியா, வா, இறங்கிப் பாப்போம்" என்றார்.

நறுமுகை தாயின் கையை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினாள். "டீச்சர், நீங்க உக்காந்த இடத்துல இருந்த தண்ணிதானே மேல வந்துச்சு? அப்ப நான் உக்காந்தா கொஞ்சமாத்தானே வரும்?"

"தெரியலையேம்மா. உக்காந்து பாரு" என்றார் அருக்காணி டீச்சர்.

அன்று சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்த மகள் பேசிய பேச்சில் நல்லபெருமாளுக்குத் தரையே அதிர்ந்தது. ஆனால் தணிகாசலம் ஒத்துக்கொள்ளவில்லை.

"எருமைகிட்டயா? ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்லுவேன்? என் பொண்ணு எருமைகிட்டப் படிக்கறான்னா?"

"பாம்புகிட்டக் குடியிருக்கோம்னு மட்டும் ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்றாள் செண்பகவல்லி.

குட்டைக்கரைப் பள்ளியில் நிழல், நேரம் என்று எந்த விதியும் இல்லை. யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். வருபவர்கள்தான் இல்லை. நறுமுகை சேர்ந்தாள். நீந்தக் கற்றாள். கூட்டலும் கழித்தலும் கற்றாள். டீச்சர் முதுகில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தவளைகள் ஒவ்வொன்றாகக் குதித்தால் மீதி எத்தனை என்று தூக்கத்தில்கூடச் சொன்னாள். எலியும் அவ்வப்போது வீட்டுக்கு வந்தது. அவள் கன்னம் மறுபடி உப்பியது.

இங்கே கதை முடிந்திருக்கலாம். முந்தைய காலத்துக் கதை என்றால் முடிந்திருக்கும். ஆனால் செண்பகவல்லிக்கு நல்ல விஷயத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. முயல் அம்மாளிடம் சொன்னாள். குரங்கு அம்மாளிடம் சொன்னாள். 'ஆல நிழல் அம்மாக்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் நறுமுகை வாய்ப்பாடு சொல்லும் வீடியோவைப் போட்டு, 'அருக்காணி டீச்சர் மாதிரி ஒரு டீச்சரை நான் பார்த்ததில்லை' என்று எழுதினாள். மனதார எழுதினாள்.

முதலில் ஒரு முயல் குடும்பம் குட்டைக்கரைக்கு வீடு மாறியது. முயல்களே போகின்றன என்றால் விஷயம் இருக்கிறது என்று முள்ளெலிகள் போயின. பிறகு குரங்குகள் விழுதுகளை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டன. கூட்டம் தாங்காமல் அங்கேயும் ஒரு விதி வந்தது. குட்டைத் தவளைகளின் சத்தம் எட்டும் தூரத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் இடம். உடும்பு கருத்தப்பாண்டி மடியில் ஒரு தவளையைக் கட்டிக்கொண்டு வீடு காட்டத் தொடங்கினார். "கேளுங்க சார், எவ்வளவு தெளிவாக் கேக்குது" என்று சொல்லி மடியை ஒரு தட்டுத் தட்டுவார்.

அணில்களும் எறும்புகளும் இந்த வீடுகளையும் நல்ல வாடகைக்கு விட்டுவிட்டு, கள்ளிமேடு என்ற பொட்டலுக்குப் போனார்கள்.

புதிதாக வந்த பெற்றோர்கள் பள்ளியை அக்கறையோடு கவனித்தார்கள். கவனித்தால் குறைகள் தெரியத்தான் செய்யும். கூட்டம் போட்டார்கள். செண்பகவல்லியும் போயிருந்தாள்.

"பிள்ளைங்க வகுப்புல சிரிக்குதுங்க" என்றாள் முயல் அம்மாள். "ஆலமரத்துல ஊசி விழுந்தாக் கேக்கும்."

"என் பையன் கேள்வி கேட்டா, டீச்சர் தெரியலையேங்கறாங்க" என்றார் முள்ளெலி. "தெரியாதவங்ககிட்டப் படிக்கவா இவ்வளவு வாடகை கொடுத்து வந்தோம்?"

"யூனிஃபார்மெல்லாம் சேறு" என்றாள் குரங்கு அம்மாள்.

"அவங்களுக்காகத்தானே நாம எல்லாரும் இங்க வந்தோம்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"வந்தோம். அதுக்காக ஸ்கூலை முன்னேத்த வேண்டாமா?"

மனு போனது. துறை உடனே நடவடிக்கை எடுத்தது. அருக்காணி டீச்சர் கள்ளிமேட்டுப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். பெற்றோர்களின் கோரிக்கைக்கு இணங்க, அனுபவம் வாய்ந்த திரு. சிவஞானம் குட்டைக்கரைக்கு நியமிக்கப்பட்டார். ஆலமரத்தில் அவர் விட்டுப்போன கிளைக்கு இன்னோர் ஆந்தை வந்தார். சிவஞானம் வந்து கரையோர மரத்தில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். குட்டைக்கரை அமைதியானது. தவளைப் பிள்ளைகள்கூட உதட்டில் விரலை வைத்துக்கொண்டார்கள். சாயங்கால டியூஷனுக்கு இடம் கிடைக்காமல் அடிதடி நடந்தது.

அந்த வாரமே நறுமுகைக்கு நோட்டீஸ் வந்தது. அவள் குடியிருக்கும் புற்றுக்குத் தவளைச் சத்தம் எட்டாது. அவளைப் பள்ளியிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

செண்பகவல்லி டீச்சரைப் பார்க்கப் போனாள். அருக்காணி டீச்சர் குட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் என்னாலதான் டீச்சர். நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா..."

"நல்லதுதானே சொன்னே." டீச்சர் அசைபோட்டார். "எனக்கு எங்க போனாலும் நாலு பிள்ளைங்க இருந்தாப் போதும்மா. அங்க தண்ணிதான் இல்லையாம். வேற எதையாவது வெச்சுச் சொல்லிக்கொடுக்கணும்."

அவர் போவதைச் செண்பகவல்லி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து கணவனிடம், "கள்ளிமேட்டுக்குப் போறோம்" என்றாள்.

"அங்க ஒண்ணுமே கிடையாதே. ஆபீசுக்கு அரைநாள் நடக்கணும்."

"நடங்க."

கீரிக் குடும்பம் சாமான் கட்டுகிறது என்று தெரிந்ததும் 'ஆல நிழல் அம்மாக்கள்' பரபரப்பானார்கள். போன தடவை இவள் போன இடம்தான் பிறகு எல்லாரும் போன இடம். முயல் அம்மாள் குட்டைக்கரையிலிருந்து ஓடிவந்தாள்.

"கள்ளிமேடா? அங்க ஸ்கூல் எப்படி? உண்மையைச் சொல்லுங்க."

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதை ஏன் கேக்கறீங்க. படுமோசம். கூரையும் இல்ல, தண்ணியும் இல்ல. அந்த எருமை டீச்சர் இப்ப வகுப்புக்கே வர்றதில்லையாம். என்ன பண்றது? என் பொண்ணுக்குப் படிப்பு ஏறல. மக்கு. நல்ல ஸ்கூல்ல வெச்சிருந்தா மத்தப் பிள்ளைங்களும் கெட்டுடும். அதான் ஒதுக்குப்புறமாப் பாத்துப் போறோம்."

முயல் அம்மாளின் முகத்தில் நிம்மதி பரவியது. அவள் செண்பகவல்லியைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னாள். திரும்பிப் போகும் வழியிலேயே குழுவில் செய்தியைப் போட்டாள். அதற்கு அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் குவிந்தன.

புறப்படும்போது நல்லபெருமாள் வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை இருந்தவரைக்கும் புத்து கலகலன்னு இருந்துச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மகன் பேரனை இங்க அனுப்பறேங்கறான். என்கூட இருந்து படிக்கட்டும்னு. உன்கிட்டக் கேக்காம யார்கிட்டம்மா கேக்கறது? கள்ளிமேட்டுல அந்த டீச்சர்கிட்டச் சேத்துடலாமா?"

செண்பகவல்லி அவரைப் பார்த்தாள். தன் மகளுக்குப் பசிக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர். மகளின் பேச்சு நின்றுபோனதைக் கவனித்தவரும் அவர்தான். அவருக்குப் பேரன் ஒருவன். ஆனால் பாம்பே கள்ளிமேட்டுக்குப் போகிறது என்றால், பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"வேண்டாங்க" என்றாள். "ஆலமரத்துப் பள்ளிதாங்க நல்லது. உங்களுக்கு வீடும் நிழலுக்குள்ளயே இருக்கு. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கும்?"

"நீ சொன்னா சரிம்மா" என்றார் நல்லபெருமாள். நம்பிக்கையோடு தலையை ஆட்டி வழியனுப்பினார்.

ஆலமரம் கண்ணிலிருந்து மறைந்தது. தணிகாசலம் சாமான் மூட்டையோடு முன்னே நடந்தார். நறுமுகை கொஞ்ச தூரம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தபடி வந்தாள்.

"அம்மா, நான் மக்கா?"

"வெளியில மட்டும்டா."

"தாத்தாவும் வெளியா?"

செண்பகவல்லி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

நீதி: நல்ல பள்ளி அமைந்தால் ஊர் முழுக்க அதைத் திட்டித் தீர்க்க வேண்டும். உங்கள் பிள்ளை படித்து முடிக்கும்வரையாவது அது நல்ல பள்ளியாகவே இருக்கும்.